தாமே வெளியிட்ட இசைத்தட்டு

தோற்றுவாய்

கலை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் இருவகைச் சான்றுகளையே நாடுவர். ஒன்று விற்பனைப் பட்டியல். மற்றொன்று பரிசுப் பட்டியல். இவ்விரண்டும் ஒரு கலை ஊரறிய ஓங்கி நின்ற காலத்தைக் காட்டவல்லன. அக்கலை மண்ணுக்கடியில் வேர்விட்டுக் கொண்டிருந்த காலத்தைக் காட்டும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. அக்காலத்தை அறிய வேண்டுமாயின், பெரிய நிறுவனங்களின் ஏடுகளில் இடம்பெறாத சிறு வெளியீடுகளையே நாம் தேடிச் செல்லுதல் வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் ‘ஸ்விங்’ எனப்படும் பழைய நடன இசை மீண்டும் தலையெடுத்தது. அரை நூற்றாண்டுக்கு முன் மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட அவ்விசையை இளைஞர் மீண்டும் வாசித்தனர். இளைஞரே அதற்கு ஆடவும் செய்தனர். இதன் கதையை 1998ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது எளிது. பெருநிறுவனங்கள் ஸ்விங் குறுவட்டுகளை நாடெங்கும் விற்ற ஆண்டு அது. ஆயின் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1994இல், கலிபோர்னியா மாநிலத்தின் வென்ச்சுரா என்னும் கடற்கரை நகரில் தோன்றிய ஒரு குழு, பெருநிறுவனம் எதனையும் சாராது தன் முதற் குறுவட்டைத் தானே வெளியிட்டது. அக்குழுவின் பெயர் ‘பிக் பேட் வூடூ டாடி’. அது தனக்கென அமைத்துக்கொண்ட வெளியீட்டகத்தின் பெயர் ‘பிக் பேட் ரெக்கார்ட்ஸ்’.

நாகரிகம் திரும்பிப் பாராத நாளில் தம் முயற்சியால் ஒரு கலையை ஆவணமாக்கியோர்க்கு வரலாற்றில் உரிய இடம் யாது? அவர்கள் யாரிடமிருந்து அக்கலையைப் பெற்றனரோ, அவர்க்குச் செலுத்தப்பட வேண்டிய கடன் யாது? இவ்விரு வினாக்களையும் அச்சிறு வெளியீட்டை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்விங் இசையின் இயல்பு

மேலை இசையிற் பயிற்சியில்லாத மாணாக்கர்க்கும் விளங்குமாறு ஸ்விங் இசையின் இயல்பை முதற்கண் கூறுவோம். அதன் தாளம் பெரும்பாலும் நான்கு தட்டுகளைக் கொண்டது. ஒவ்வொரு தட்டையும் இரு சம பாதிகளாகப் பகுப்பதே இயல்பான கணக்கு. ஸ்விங் வாசிப்போர் அவ்வாறு செய்யாமல், முன்பாதியைச் சற்றே நீட்டிப் பின்பாதியைக் குறுக்குவர். இந்த ஏற்றத்தாழ்வால் இசை ஊஞ்சல்போல அசையும். ‘ஸ்விங்’ என்னும் சொல்லுக்கே ஊசலாடுதல் என்பது பொருள்.

பெரிய பாஸ் வயலினை ஒருவர் நின்றவாறே விரலால் மீட்டி, நான்கு தட்டுக்கும் நான்கு சுரம் என்று நடந்து செல்வதுபோல் இசைப்பார். டிரம்பெட், டிராம்போன் முதலிய பித்தளைக் கருவிகள் ஓர் அணியாகவும், சாக்சபோன், கிளாரினெட் முதலிய நாணற் கருவிகள் மற்றோர் அணியாகவும் நிற்கும். ஓரணி வினாவ, மற்றோரணி விடை பகர்வது போன்ற அமைப்பை இவ்விசையில் யாண்டும் காணலாம். ஒருவர் பாட, கூட்டம் மறுமொழியாகப் பாடும் இம்முறை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உழைப்புப் பாடல்களிலும் தேவாலயப் பாடல்களிலும் வழங்கிவந்த முறையாகும். நாற்றுநடவிலும் ஏற்றம் இறைப்பிலும் இத்தகைய பாடல்முறையைக் கண்ட தமிழர்க்கு இதன் சுவையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எழுச்சி

நியூ ஆர்லியன்ஸ் நகரத்து லூயி ஆம்ஸ்ட்ராங், 1924இல் நியூயார்க் சென்று பிளெட்சர் ஹெண்டர்சனின் இசைக்குழுவிற் சேர்ந்தார். அவருடைய டிரம்பெட்டின் தாள நடை அக்குழுவினர் அனைவரையும் ஆட்கொண்டது. ஹெண்டர்சனும் அவருடைய இசையமைப்பாளர் டான் ரெட்மனும் பெருங்குழு ஒன்று அந்நடையில் ஒருங்கே வாசிக்கும் வகையைக் கண்டு எழுத்தில் அமைத்தனர். 1926இல் ஹார்லெம் பகுதியில் திறக்கப்பட்ட சவாய் நடனக்கூடத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினர். அக்காலத்து அமெரிக்காவில் அஃது அரிதினும் அரிது. ‘லிண்டி ஹாப்’ என்னும் இணை நடனம் அத்தளத்திலேயே மெருகேறிற்று. சிக் வெப், டியூக் எலிங்டன், கவுன்ட் பேசி, கேப் கேலோவே முதலியோர் இவ்விசையை வளர்த்த கறுப்பினப் பேராசான்கள் ஆவர்.

ஆயினும் நாடு தழுவிய புகழ் ஸ்விங்கிற்கு வந்தது வெள்ளையரான பென்னி குட்மன் வாயிலாகவே. அவர் ஹெண்டர்சனின் இசையமைப்புகளை விலைகொடுத்து வாங்கித் தம் குழுவைக் கொண்டு வாசித்தார். 1934இன் இறுதி முதல் அவருடைய வாசிப்பு வானொலியில் ஒலிபரப்பாயிற்று. கிழக்குக் கரையில் மக்கள் உறங்கச் செல்லும் வேளையில் ஒலித்த அது, கால வேறுபாட்டினால் மேற்குக் கரையில் இளைஞர் விழித்திருக்கும் வேளையில் சென்று சேர்ந்தது. அதன் விளைவாக, 1935 ஆகஸ்டு 21ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பாலமர் நடனக்கூடத்தில் குட்மன் வாசித்தபோது, அவ்விசைக்கு ஏங்கியிருந்த பெருங்கூட்டம் அவரை வரவேற்றது. ஸ்விங் ஊழியின் தொடக்க நாள் என நூலோர் இதனையே குறிப்பர். 1938 ஜனவரி 16இல் கார்னெகி மண்டபத்திலும் அவ்விசை அரங்கேறியது.

வரலாற்றில் ‘தொடக்கம்’ என்று எழுதப்படுவது பெரும்பாலும் பலர் அறிய நேர்ந்த நாளேயன்றிப் பிறந்த நாள் அன்று என்பதற்கு இது நல்ல சான்று. குட்மனின் மேடையில் ஒலித்தது ஹெண்டர்சனின் சிந்தனை. புகழ் ஒருவர்க்கும் உழைப்பு மற்றொருவர்க்குமாகப் பிரிந்து நின்ற இந்நிலை, ஸ்விங் மீண்டும் தலையெடுத்த காலத்திலும் வேறு வடிவில் தொடர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

வீழ்ச்சி

பத்தாண்டுக் காலம் கோலோச்சிய ஸ்விங் எவ்வாறு வீழ்ந்தது? மக்களின் சுவை மாறிற்று என்று ஒரு சொல்லில் கூறி முடிப்பது வரலாறு ஆகாது. காரணங்கள் பல, அவற்றுட் பல, போரினால் விளைந்தவை.

முதலாவது, குழுக்களின் வாசிப்பாளர் பலர் படையிற் சேர்க்கப்பட்டனர். கிளென் மில்லர் 1942இல் தம் குழுவைக் கலைத்துப் படைப்பணி மேற்கொண்டார். 1944 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் சென்ற அவருடைய வானூர்தி காணாமற் போயிற்று. இரண்டாவது, இசைத்தட்டு நிறுவனங்களோடு ஏற்பட்ட பிணக்கினால் அமெரிக்க இசைவாணர் சங்கம் 1942 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்தது. பெருநிறுவனங்கள் சில உடன்படுவதற்கு 1944 நவம்பர் வரை ஆயிற்று. கருவி வாசிப்போர் பதிவுக்கு வாராத அவ்விடைக் காலத்தில் பாடகர்கள், பாடற் குழுவினரை மட்டும் துணைகொண்டு பாடிப் பதிவுசெய்தனர். மக்கள் மனத்தில் குழு பின்தங்கிற்று. பாடகர் முன்னே வந்தார். மூன்றாவது, 1944இல் நடன விடுதிகளின்மீது நூற்றுக்கு 30 என்ற அளவில் வரி விதிக்கப்பட்டது. அது பின்னர் 20ஆகக் குறைக்கப்பட்டபோதிலும், நடனத்தளங்கள் பல அச்சுமையைத் தாங்கவில்லை.

நான்காவது காரணம் நம் மண்ணோடு தொடர்புடையது. ஆதலின் மலேசிய, சிங்கப்பூர் மாணாக்கர் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாகவே, அமெரிக்கா பெற்றுவந்த இயற்கை இரப்பரில் மிகப் பெரும்பகுதி நின்றுபோயிற்று. வண்டிச் சக்கரங்களுக்கு இரப்பர் இல்லை. சக்கரங்கள் தேயாதிருக்க வண்டிகள் ஓடாதிருத்தல் வேண்டும். வண்டிகள் ஓடாதிருக்கப் பெட்ரோலைப் பங்கிட்டு அளத்தல் வேண்டும். இவ்வாறே 1942 டிசம்பர் முதல் நாள் அமெரிக்கா முழுவதும் பெட்ரோல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. எண்ணெய்த் தட்டுப்பாட்டினும் இரப்பர்த் தட்டுப்பாடே அதற்கு முதன்மைக் காரணம்.

ஊர் ஊராகப் பேருந்தில் சென்று ஓரிரவு ஓரூர் என வாசித்துப் பிழைத்த இசைக்குழுக்களுக்கு இது பேரிடியாயிற்று. கறுப்பினக் குழுக்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தென்மாநிலங்களில் இரயிலிலும் விடுதியிலும் நிறவேற்றுமை நிலவியமையால், அவர்க்குப் பேருந்தே ஊர்தி. பல இரவுகளில் அதுவே உறைவிடம். இங்கே, பால்மரம் வெட்டி உலகத்து வண்டிகளையெல்லாம் ஓடச் செய்த தமிழ்த் தொழிலாளர் அதே ஆண்டுகளில் வேலையும் உணவுமின்றி வாடினர். அவருள் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். நம்மவர் துன்பத்தோடு ஓர் இசைக்குழுவின் துன்பம் ஒப்பாகாது. எனினும், ஒரு தோட்டத்தின் பால்வாளிக்கும் கடல்கடந்த ஒரு நடனக்கூடத்தின் விளக்கொளிக்கும் இடையே இத்தகைய தொடர்பு இருந்தது என்பதை வரலாறே நமக்குக் கற்பிக்கின்றது. இசைத்தட்டுச் செய்யப் பயன்பட்ட அரக்கும் கீழ்த்திசையிலிருந்து, குறிப்பாக இந்தியாவிலிருந்து, சென்ற பொருளே. போர்க்காலத்தில் அதன் பயன்பாடும் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது.

போர் முடிந்தபின்னும் செலவு குறையவில்லை. பதின்மூவர் முதல் பதினாறு பேர் வரை கொண்ட குழுவுக்கு ஊதியம் அளிப்பது அரிதாயிற்று. 1946ஆம் ஆண்டின் இறுதியில், பென்னி குட்மன், உட்டி ஹெர்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி ஆகியோருடையவை உள்ளிட்ட எட்டுப் புகழ்பெற்ற குழுக்கள் சில வார இடைவெளியில் கலைந்தன. 1958இல் சவாய் நடனக்கூடமும் மூடப்பட்டது.

அணையாத கங்குகள்

பெருங்குழுக்கள் கலைந்தபோதும் ஸ்விங்கின் தாளம் அறவே மறையவில்லை. லூயி ஜோர்டன் என்னும் கறுப்பினக் கலைஞர், சிலரே கொண்ட சிறு குழுவை வைத்துப் பெருங்குழுவின் துள்ளலை எழுப்பினார். ‘ஜம்ப் புளூஸ்’ எனப்பட்ட அந்நடை, பின்னாளில் ராக் இசை பிறப்பதற்கு வழிகோலிற்று. இத்தாலியக் குடிவழியினரான லூயி பிரீமா 1950களில் லாஸ் வேகாஸ் மேடைகளில் அத்தாளத்தை நகைச்சுவையோடு கலந்து பாடினார். சிறு குழு, குறைந்த செலவு, நிறைந்த துள்ளல் என்னும் இம்முறையே பின்னாளில் இவ்விசையை மீட்டோர்க்கு முன்மாதிரியாயிற்று.

நடனத்தின் நிலையும் இதனை ஒத்ததே. சவாய் கூடத்தில் 1930களில் புகழ்பெற்ற பிராங்கி மேனிங் என்பார், லிண்டி ஹாப் நடனத்தில் இணையரைக் காற்றில் தூக்கிச் சுழற்றும் அசைவினைப் புகுத்தியவர். நடனத்தால் வாழ இயலாத காலம் வந்தபோது அவர் அஞ்சலகப் பணியிற் சேர்ந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே உழைத்தார். 1980களில் இளைஞர் சிலர் அவரைத் தேடிச் சென்று கற்பிக்குமாறு வேண்டினர். மூத்தவர் மீண்டும் ஆசானானார். 1989இல் ‘பிளாக் அண்டு புளூ’ என்னும் மேடை நிகழ்ச்சியின் நடன அமைப்புக்காக டோனி விருதைப் பிறரோடு பகிர்ந்து பெற்றார். 2009இல், 95 வயது நிறைவதற்கு ஒரு திங்களே எஞ்சியிருக்க, அவர் மறைந்தார். ஒரு கலை புத்துயிர் பெறுவதற்கு அதனை உடலிலும் நினைவிலும் காத்து வைத்த முதியோர் ஒருவரேனும் உயிரோடிருத்தல் வேண்டும். அவரைத் தேடிச் செல்லும் இளையோரும் இருத்தல் வேண்டும். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நெஞ்சிற் கொள்ளத்தக்க செய்தி இது.

தாமே வெளியிடும் மரபு

ஸ்விங்கை மீட்ட இளைஞருட் பலர் இசைக் கல்லூரியிலிருந்து வந்தவரல்லர். ‘பங்க்’ எனப்பட்ட முரட்டு ராக் இசைக்குழுக்களிலிருந்து வந்தோர். மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு இது வியப்பளிக்கும். தாத்தாவின் உடையணிந்து பழைய இசை வாசிப்பதற்கும், கிழிந்த ஆடையணிந்து கூச்சலிடுவதற்கும் தொடர்பு யாது?

தொடர்பு இசையில் இல்லை. வெளியீட்டு முறையில் உண்டு. பெருநிறுவனங்கள் ஏற்காத தம் பாடல்களைப் பங்க் இளைஞர் தாமே பதிவுசெய்து, தாமே அச்சிட்டு, தாமே விற்றனர். கலிபோர்னியாவின் ‘எஸ்.எஸ்.டி.’, வாஷிங்டன் நகரத்து ‘டிஸ்கார்ட்’ முதலிய சிறு வெளியீட்டகங்கள் அவ்வாறு தோன்றியவையே. லாஸ் ஏஞ்சலிசில் ஸ்டெர்ன் உடன்பிறந்தார் நடத்திய ‘பி.ஒய்.ஓ.’ என்னும் வெளியீட்டகமும் அவ்வகையினது. அவ்வுடன்பிறந்தாருட் சிலரே பின்னர் 1989இல் தோன்றிய ‘ராயல் கிரௌன் ரெவ்யூ’ என்னும் ஸ்விங் குழுவிலும் பங்கேற்றனர். அக்குழுவின் முதல் தொகுப்பு 1991இல் அவ்வெளியீட்டகத்தின் வழியாகவே வந்தது. பெருநிறுவனத்தின் வாயிலில் காத்திராது தம் இசையைத் தாமே உலகுக்கு அளிக்கும் துணிவு, பங்க் இயக்கம் ஸ்விங்கிற்குத் தந்த கொடை எனலாம்.

தொழில்நுட்பமும் துணைநின்றது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டு, 1990களின் தொடக்கத்தில் சிறு குழுவினரும் செய்வித்துக்கொள்ளத்தக்க பொருளாயிற்று. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, மூலப்பதிவைச் செம்மைசெய்வதற்கான கூலி, வட்டு அச்சிடும் செலவு, உறை அச்சிடும் செலவு ஆகியவை ஒருவர் தாமே வெளியிடுவதில் அடங்கும் செலவுகள். விற்பனைக்கூடமோ நடனக்கூடத்து வாயிலில் இட்ட ஒரு மேசை. அங்கு வாங்குவோர் விளம்பரத்தால் வந்தவரல்லர். இசையை நேரிற் கேட்டு, ஆடிக் களைத்து, வீட்டிலும் கேட்க விழைந்தவர். இத்தகைய விற்பனையில் தொகை சிறிதாயினும், வாங்குவோர்க்கும் வாசிப்போர்க்கும் இடையே உள்ள உறவு பெரிது.

1994

பிக் பேட் வூடூ டாடி குழுவை 1989இல் தொடங்கியவர் ஸ்காட்டி மாரிஸ். அவர் பாடகர், கிட்டார் வாசிப்பவர், பாடல் இயற்றுபவர், முன்னர்ப் பங்க் குழுவில் வாசித்தவர். டிரம் வாசிக்கும் கர்ட் சோடர்கிரென் தொடக்க முதல் அவர்க்குத் துணை. குழுவின் பெயர் புகழ்பெற்ற புளூஸ் கிட்டார்க் கலைஞர் ஆல்பர்ட் காலின்ஸ் அளித்தது. தம் படத்தாளில் கையொப்பம் கேட்டு நின்ற மாரிசை அப்பெயரால் விளித்துக் காலின்ஸ் எழுதிக் கொடுக்க, மாரிஸ் அதனையே தம் குழுவுக்குச் சூட்டினார். மூத்த கறுப்பினக் கலைஞர் ஒருவர் வேடிக்கையாக எழுதிய வாழ்த்தே குழுவின் பெயராயிற்று.

1989ஆம் ஆண்டில் ஸ்விங்கிற்குப் பொதுச் சந்தை இல்லை. வானொலி நிலையங்கள் அதனைப் பழையோர்க்கு உரியதென ஒதுக்கின. அந்நாளில் குழுவொன்று டிரம்பெட்டும் சாக்சபோனும் பெரிய பாஸ் வயலினும் சேர்த்து, அவற்றை வாசிக்கும் பலருக்கு வருவாயைப் பங்கிட்டு வாழ முற்பட்டது கணக்கறிந்தோர் செய்யும் செயலன்று. மூவரோ நால்வரோ சேர்ந்து மின்கிட்டார்க் குழு அமைப்பதே எளிய வழி. அவர்கள் அரிய வழியைத் தேர்ந்தனர். 1994இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்த முதற் குறுவட்டு, அத்தேர்வுக்கு நாள் குறித்த சான்றாகும்.

வரலாற்று மாணாக்கர் இங்கு ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். 1998இல் பெருநிறுவனத்தின் வழியே அக்குழு வெளியிட்ட குறுவட்டும் குழுவின் பெயரையே தாங்கி வந்தது. ‘அமெரிக்கானா டீலக்ஸ்’ என்னும் பெயராலும் அது வழங்குகின்றது. ஒரே பெயருடைய இரு வெளியீடுகள் இருப்பதால், விற்பனைப் பட்டியலை மட்டும் நம்புவோர் பிந்தியதையே முதலாவது என மயங்கக்கூடும். அவ்வாறு மயங்கினால், அக்குழு நாகரிக அலையைக் கண்டு பின்தொடர்ந்ததாகப் பொருள்படும். முந்தியதைக் கணக்கிற் கொண்டாலோ, அலை எழுவதற்கு முன்னரே அக்குழு கடலில் இறங்கியிருந்தது விளங்கும். நான்கு ஆண்டு வேறுபாடு ஒரு குழுவின் நோக்கத்தைப் பற்றிய தீர்ப்பையே மாற்றிவிடுகின்றது. சிறு வெளியீடுகளைக் காத்து வைப்பதன் தேவைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

நாகரிக அலை

அலை எவ்வாறு எழுந்தது? 1993இல் லாஸ் ஏஞ்சலிசின் லாஸ் பீலிஸ் பகுதியில் ‘டெர்பி’ என்னும் நடன விடுதி திறக்கப்பட்டது. ராயல் கிரௌன் ரெவ்யூ குழு அங்கு வாரந்தோறும் வாசித்தது. பின்னர் அவ்விடத்தைப் பிக் பேட் வூடூ டாடி பெற்றது. திரைப்படத் துறையினர் கூடும் நகரில் அவ்விடுதி இருந்தமையால் திரைப்படமும் அதனை நாடியது. 1994இல் வெளிவந்த ‘தி மாஸ்க்’ படத்தில் ராயல் கிரௌன் ரெவ்யூ தோன்றியது. 1996இல் வந்த ‘ஸ்விங்கர்ஸ்’ என்னும் குறைந்த செலவுப் படத்தில், டெர்பி விடுதிக் காட்சியில் பிக் பேட் வூடூ டாடி வாசித்தது. குழுவின் பாடல்கள் பெருநிறுவன வட்டில் வருவதற்கு முன்பே திரையில் ஒலித்தன.

1998இல் அலை உச்சத்தைத் தொட்டது. ‘கேப்’ என்னும் உடை நிறுவனம் தன் கால்சட்டை விளம்பரத்துக்கு, லூயி பிரீமா 1956இல் கேப்பிட்டல் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ஒரு பாடலைப் பயன்படுத்தியது. அதே பாடலைப் பிரையன் செட்சர் இசைக்குழுவும் அவ்வாண்டில் பாடி வெளியிட்டது. மறு ஆண்டில் அதற்குக் கிராமி விருது கிட்டியது. 1999 ஜனவரித் திங்களில் மயாமி நகரில் நடைபெற்ற சூப்பர் பவுல் பந்தாட்ட இடைவேளையில், ஸ்டீவி வொண்டர், குளோரியா எஸ்தபான் ஆகியோரோடு பிக் பேட் வூடூ டாடியும் நாடு முழுவதும் காண வாசித்தது. ஐந்தாண்டுக்கு முன் தாமே வட்டு வெளியிட்ட குழு அடைந்த உயரம் இது.

எனினும் நாகரிகம் கொணர்ந்ததை நாகரிகமே கொண்டு சென்றது. நூற்றாண்டு முடிவதற்குள் வானொலி நிலையங்கள் வேறு இசையை நாடின. உடை நிறுவனங்கள் வேறு விளம்பரம் செய்தன. அலையைக் கண்டு கூடியோர் அலையோடு கலைந்தனர். பிக் பேட் வூடூ டாடியோ கலையவில்லை. ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சென்று வாசித்தது. 2009இல் கேப் கேலோவேயின் இசையைப் போற்றி ஒரு தொகுப்பும், 2017இல் ஆம்ஸ்ட்ராங், ஜோர்டன், பிரீமா என்னும் லூயி மூவரையும் போற்றி மற்றொரு தொகுப்பும் வெளியிட்டது. புகழ் வருமுன் புகழின்றி வாழப் பழகியோர்க்குப் புகழ் போனபின் வாழ்வதும் அரிதன்று. 1994இன் சிறு வட்டு அப்பழக்கத்தின் அடையாளமாகும்.

தீராத கடன்

இம்மறுமலர்ச்சியைப் பாராட்டும் நாம் அதன் குறையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1990களில் புகழ்பெற்ற ஸ்விங் குழுக்களில் வாசித்தோர் பெரும்பாலும் வெள்ளையர். அவ்விசையைப் படைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அம்மேடைகளில் அருகியே காணப்பட்டனர். ஹெண்டர்சனின் உழைப்பில் குட்மன் புகழ்பெற்ற பழங்கதை ஓரளவு மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

உடையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. மறுமலர்ச்சி இளைஞர் விரும்பி அணிந்த ‘சூட் சூட்’ என்னும் நீண்ட மேற்சட்டையும் அகன்ற கால்சட்டையும் அவர்க்கு வேடிக்கை உடை. 1943 ஜூன் திங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் அவ்வுடை அணிந்த மெக்சிகோ வழி இளைஞரைக் கடற்படையினரும் பிறரும் தாக்கி, உடையைக் கிழித்தெறிந்தனர். கம்பளித் துணிக்குக் கட்டுப்பாடு இருந்த போர்க்காலத்தில் மிகுதியான துணியை உடுத்தனர் என்பது சாக்கு, நிறவெறுப்பே காரணம். அரை நூற்றாண்டு கழிந்தபின், அதே உடையைக் கடையில் வாங்கி அணிந்தவருள் எத்துணைப் பேர் இதனை அறிந்திருப்பர்? வலியை மறந்து வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது மறுமலர்ச்சி ஆகாது; அது வேடம் புனைதலே.

ஆயின் கலைகள் ஓரினத்தார்க்கே உரியன, பிறர் தீண்டலாகாது என்று கூறுவதும் பொருந்தாது. சவாய் நடனத்தளமே அதற்கு மறுப்பு. பிராங்கி மேனிங் தம்மைத் தேடி வந்தோர் யாவர்க்கும் வேறுபாடின்றிக் கற்பித்தார். கற்போரிடம் எதிர்பார்க்கத்தக்கன மூன்று: மூலத்தை முயன்று கற்றல், மூலவரைப் பெயர் சொல்லிப் போற்றுதல், தம் பங்காகப் புதியது ஒன்றை ஆக்குதல். கேலோவேக்கும் ஆம்ஸ்ட்ராங்குக்கும் தொகுப்புகள் வெளியிட்டதன் வாயிலாகப் பிக் பேட் வூடூ டாடி இரண்டாவது கடனைச் செலுத்த முயன்றது. பழம்பாடல்களை மட்டும் திரும்பப் பாடாமல் மாரிஸ் தாமே பாடல்கள் இயற்றியமையால் மூன்றாவதையும் ஓரளவு நிறைவேற்றியது. கடன் முழுதும் தீர்ந்தது என எவரும் கூறார். கடன் உண்டு என்று ஒப்புவதே அதனைத் தீர்ப்பதன் முதற்படி.

முடிவுரை

ஸ்விங் இசையின் வரலாற்றை நாம் மூன்று காலங்களாகக் கண்டோம். அஃது ஓங்கியபோது உலகமே ஆடிற்று. வீழ்ந்தபோது மலாயாவின் இரப்பர் வரை காரணங்கள் நீண்டன. மீண்டும் எழுந்தபோது பெருநிறுவனமும் விளம்பரமும் அதற்கு உரிமை கொண்டாடின. இவற்றுக்கிடையே, எவரும் கேளாதபோது காத்தவர்கள் இருந்தனர். அஞ்சலகத்தில் உழைத்துக்கொண்டே நடனத்தை நெஞ்சில் வைத்திருந்த மேனிங் ஒருவர். பெருநிறுவனத்தை எதிர்பாராது 1994இல் வட்டு வெளியிட்ட வென்ச்சுரா இளைஞர் மற்றொருவகையினர்.

மாணாக்கர்க்கு நாம் வரலாறு கற்பிக்கும்போது, ‘எப்போது புகழ்பெற்றது?’ என்னும் வினாவோடு நிறுத்திவிடுதல் கூடாது. ‘அதற்கு முன் யார் செய்தனர்? எவ்வாறு செய்தனர்? அதற்கு எழுத்திலோ ஒலியிலோ சான்று உண்டா?’ என்னும் வினாக்களையும் எழுப்பப் பழக்குதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை பெரும்பாலும் பெருநூலகத்துப் பேழையில் இராது. சிறு தொகையாக அச்சான வட்டிலும், ஒருவர் தாமே வெளியிட்ட நூலிலும், ஆண்டும் ஊரும் குறிக்கப்பெற்ற பழைய உறையிலும் அது மறைந்திருக்கும். அத்தகையவற்றைக் குப்பையென்று எறியாது காப்போரே நாளைய வரலாற்றுக்கு இன்று சான்று சேர்ப்போர் ஆவர்.